உறைய மறுக்கும் சினைமுட்டை

விருத்தாசலத்தைத் தாண்டித் திருச்சியை நோக்கிச் செல்லும் ரயில் பாதையில் பெண்ணாடம் இருக்கிறது. அங்குள்ள பிரளயகாலேசுவரர் கோயிலில் நந்தி, வழக்கத்துக்கு மாறாக, இறைவனை நோக்காமல் வாயிலை நோக்கித் திரும்பியிருக்கிறது. ஊழி வெள்ளம் பெருகி வந்தபோது அதைத் தடுக்கவே நந்தி திரும்பிக்கொண்டது என்பது தலபுராணம். ஊரின் பெயருக்கும் ஒரு கதை உண்டு. தேவலோகப் பெண்களும், ஆவாகிய காமதேனுவும், கடமாகிய யானையும் வழிபட்டதால் பெண்-ஆ-கடம், பெண்ணாகடம் ஆயிற்றாம். மொழியறிஞர்கள் இதை ஒப்புவார்களா என்பது வேறு விஷயம். வெள்ளத்தைத் தடுக்க நிற்கும் ஒரு காளையும், பெயருக்குள் ஒரு பசுவும் கொண்ட ஊர் என்ற அளவில் நமக்கு இப்போது போதும்.

ஏனெனில், நம் நாட்டு மாடுகளைச் சூழ்ந்திருப்பதும் ஒரு வெள்ளந்தான். அது ஓசையின்றி வருகிறது. உழவுக்கு டிராக்டர் வந்தது; பாலுக்குக் கலப்பினப் பசு வந்தது; மேய்ச்சல் நிலம் சுருங்கியது. காங்கயம், உம்பளச்சேரி, பர்கூர், புலிக்குளம், ஆலம்பாடி என்று ஊர்ப் பெயரைத் தாங்கி நின்ற இனங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து வருகின்றன. நீலகிரித் தோடர் எருமையின் நிலையும் அதுவே. ஓர் இனம் அழிந்தால், வெயிலையும் வறண்ட தீவனத்தையும் உண்ணியையும் தாங்குவதற்கு அது பல நூறு தலைமுறைகளாகச் சேர்த்து வைத்த மரபுப் பண்புகளும் உடன் போகின்றன. அவற்றை எந்தத் தொழிற்சாலையிலும் மறுபடி செய்ய முடியாது.

"அதற்குத்தான் உறைவிந்து இருக்கிறதே!" என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்தில், சினை ஊசி போடும் முன் மருத்துவர் ஒரு அலுமினியக் குடுவையின் மூடியைத் திறப்பதையும், வெண்புகை வழிவதையும் பார்த்திருப்பீர்கள். உள்ளே இருப்பது திரவ நைட்ரஜன். அதன் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி செல்சியஸ். உதகை, ஓசூர், ஈச்சங்கோட்டை ஆகிய இடங்களில் உள்ள பண்ணைகளின் பொலிகாளைகளிடமிருந்து எடுத்த விந்து, மெல்லிய குச்சிகளில் அடைக்கப்பட்டு, அதில் மூழ்கிக் கிடக்கிறது. ஒரு குச்சியில் சுமார் 2 கோடி விந்தணுக்கள். காளை இறந்து பல ஆண்டுகள் ஆனபின்பும் அவை கன்று கொடுக்கும்.

ஆனால் அந்தக் குடுவையில் இருப்பவை அனைத்தும் ஆண் பாதி மட்டுமே. பெண் பாதி எங்கே?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் இனத்தின் கடைசிப் பசுவும் இறந்துவிட்டது, உறைவிந்து மட்டும் மிஞ்சியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேற்றினப் பசுவுக்கு அந்த விந்தைச் செலுத்தினால் பிறக்கும் கிடாரியில் பழைய இனம் பாதி. அந்தக் கிடாரிக்கு மறுபடியும் அதே இன விந்தைச் செலுத்தினால் முக்கால். பிறகு எட்டில் ஏழு, பதினாறில் பதினைந்து, முப்பத்திரண்டில் முப்பத்தொன்று. ஐந்து தலைமுறைகள்! ஒரு கிடாரி வளர்ந்து கன்று ஈன மூன்றரை, நான்கு ஆண்டுகள் ஆகும் என்றால் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஓடிவிடும். அப்போதும் முழுமை கிடையாது. உயிரணுவின் ஆற்றல் நிலையங்களான மைட்டோகாண்ட்ரியாக்களில் தனியே 37 ஜீன்கள் உள்ளன. அவை தாயிடமிருந்து மட்டுமே கன்றுக்கு வருகின்றன. விந்தை எத்தனை தலைமுறை செலுத்தினாலும் அந்த 37 ஜீன்களும் வேற்றினத்தவையாகவே இருக்கும். மாறாக, பழைய இனத்தின் சினைமுட்டையும் விந்தும் ஆகிய இரண்டும் கையில் இருந்தால், வேற்றினப் பசுவின் வயிற்றில் வளர்ந்தாலும், ஒரே தலைமுறையில் அசல் கன்று பிறந்துவிடும்.

குளோனிங் முறை இருக்கிறதே என்றால், அதற்கும் முட்டை வேண்டும். 2023-ஆம் ஆண்டு மார்ச் மாதம் அரியானா மாநிலம் கர்னாலில் உள்ள தேசியப் பால்வள ஆராய்ச்சி நிறுவனத்தில் 'கங்கா' என்ற குளோனிங் கன்று பிறந்தது. அதன் உடலணு கிர் இனத்தது. அந்த அணுவை ஏற்றுக் கருவாக்கிய முட்டையோ சாகிவால் பசுவினுடையது. செய்தித்தாள்கள் கன்றைப் படம் பிடித்துப் போட்டன. முட்டையைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை.

பசுவுக்கு முட்டையா?

பசு முட்டையிடுவதில்லை, ஆனால் முட்டை உண்டு. ஒரு கிடாரிக் கன்று பிறக்கும்போதே அதன் இரு சினைப்பைகளிலும் லட்சத்துக்கு மேற்பட்ட முட்டைகள் முதிராத நிலையில் இருக்கின்றன. அந்தப் பசு ஆயுளில் பத்துக் கன்று ஈன்றாலே பெரிது. மற்றவை எல்லாம் வீணாகின்றன. பசு இறந்த சில மணி நேரம் வரையிலும் சினைப்பையிலிருந்து முட்டைகளை ஊசியால் உறிஞ்சி எடுத்து, சோதனைச் சாலையில் முதிரவைத்து, விந்துடன் சேர்த்துக் கருவாக்கலாம். உயிருள்ள பசுவிடமிருந்தும், ஒலி அலைக் கருவியின் துணையுடன், அதற்குத் தீங்கின்றி எடுக்கலாம். 1990-ஆம் ஆண்டில் அதே கர்னால் நிறுவனத்தில்தான் உடலுக்கு வெளியே கருவாக்கப்பட்ட உலகின் முதல் எருமைக் கன்று பிறந்தது.

எடுக்க முடிகிறது, கருவாக்க முடிகிறது. சேமித்து வைப்பதில்தான் தகராறு.

விந்தணுவை உறையவைக்கும் வழி கிடைத்தது ஒரு வேடிக்கையான நிகழ்ச்சி. 1949-இல் இங்கிலாந்தில் போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் ஆகிய மூவர் சேவலின் விந்தைச் சர்க்கரைக் கரைசலில் உறையவைக்க முயன்று தோற்று வந்தனர். ஒரு நாள் குளிர் அறையில் இருந்த பழைய புட்டியை எடுத்துச் செய்தபோது விந்தணுக்கள் உயிருடன் மீண்டன. ஆராய்ந்தால், புட்டியில் இருந்தது சர்க்கரையே அன்று. சீட்டு மாறி ஒட்டப்பட்டிருந்தது. உள்ளே கிளிசரின் இருந்தது! 1951-இல் உறைவிந்திலிருந்து கன்று பிறந்தது. உறைந்த கருவிலிருந்து கன்று பிறக்க 1973 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சினைமுட்டையோ இன்றளவும் முரண்டு பிடிக்கிறது.

காரணம் என்ன? வெண்டைக்காயையோ தக்காளியையோ குளிர்பெட்டியின் பனி அறையில் வைத்து, மறுநாள் வெளியே எடுத்துப் பாருங்கள். துவண்டு, நீர் விட்டு, கூழாகிவிடும். உயிரணுக்குள் இருந்த நீர் பனிப் படிகமாகி, பருத்து, கூர்முனைகளால் சவ்வைக் கிழித்துவிட்டது. விந்தணு மிகச் சிறியது; நீர் குறைவு; எளிதில் தப்பிவிடும். பசுவின் முட்டையோ 0.12 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள உருண்டை. ஊசி முனையால் வைத்த புள்ளி அளவுதான் என்றாலும், உடலின் மற்ற உயிரணுக்களை நோக்க அது ஒரு பூதம். உருண்டையின் ஆரம் இரண்டு மடங்கானால் மேற்பரப்பு நான்கு மடங்கும் கன அளவு எட்டு மடங்கும் ஆகும் என்று பள்ளியில் படித்திருக்கிறீர்கள். அதாவது வெளியேற வேண்டிய நீர் அதிகம். வெளியேறும் வாசல் குறைவு.

இன்னொரு வேறுபாடும் உண்டு. 2 கோடி விந்தணுக்களில் ஒரு கோடி செத்தாலும் சினை பிடிக்கும். ஒரு பசுவிடமிருந்து கிடைக்கும் முட்டைகளோ பத்தோ பதினைந்தோதான். எருமையில் இன்னும் குறைவு.

கற்கண்டும் மிட்டாயும்

நீர் பனிக்கட்டி ஆகாமலே உறைந்தால்? அப்படியும் ஒரு வழி இருக்கிறது. பெண்ணாடம் வட்டாரத்தாருக்கு இதை விளக்குவது சுலபம்; சுற்றிலும் கரும்பு, பக்கத்திலேயே விருத்தாசலத்தின் பீங்கான் சூளைகள்.

சர்க்கரைப் பாகை மெல்ல, நாள் கணக்கில் ஆறவிட்டால் பட்டை பட்டையாகக் கற்கண்டு விளைகிறது. மூலக்கூறுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒழுங்காக அடுக்கிக்கொள்ள அவகாசம் கிடைத்ததால் வந்த படிகம் அது. அதே பாகை நன்றாகச் சுண்டவைத்து, சட்டென்று குளிரவிட்டால் ஊடுருவித் தெரியும் குச்சி மிட்டாய் கிடைக்கிறது. அடுக்கிக்கொள்ள நேரம் இல்லை. இருந்த இடத்திலேயே மூலக்கூறுகள் நின்றுவிட்டன. இதுவே கண்ணாடி நிலை. பீங்கான் கோப்பையின்மேல் தொழிலாளர்கள் 'கிளேஸ்' என்று பூசுகிறார்களே, அந்தப் பளபளப்பும் சூளையில் உருகி, படிகமாகாமல் இறுகிய கண்ணாடிதான். கண்ணாடியில் கூர்முனை இல்லை, பருத்தல் இல்லை, எனவே கிழிபடும் சவ்வும் இல்லை.

ஆக, முட்டைக்குள் இருக்கும் நீரைக் கற்கண்டாக விடாமல் மிட்டாயாக்க வேண்டும். 1985-இல் ரால், பாஹி என்னும் இருவர் எலியின் கருக்களில் இதைச் செய்து காட்டினர். மிட்டாய்க்குச் சொன்ன இரண்டு நிபந்தனைகளே இங்கும் பொருந்துகின்றன: பாகு கெட்டியாக இருக்க வேண்டும், குளிர்ச்சி சட்டென்று வர வேண்டும்.

கெட்டியாக்க எத்திலீன் கிளைக்கால், டைமெத்தில் சல்பாக்சைடு ஆகிய இரண்டு திரவங்களைச் சேர்க்கிறார்கள். முன்னது குளிர் நாடுகளில் மோட்டார் வண்டியின் ரேடியேட்டர் நீர் உறையாதிருக்க ஊற்றுவது. இவை முட்டைக்குள் புகுந்து நீரின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. கூடவே சாதாரணச் சர்க்கரை. அது உள்ளே போகாது, வெளியே நின்று நீரை இழுக்கும். ஆனால் இந்தத் திரவங்கள் நஞ்சு. எனவே முதலில் நீர்த்த கரைசலில் சில நிமிடங்கள், பிறகு நூற்றுக்குப் பதினைந்து பங்கு வீதம் இரண்டும் கலந்த கடுங்கரைசலில் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக, உடனே நைட்ரஜனில் மூழ்கடிப்பு. கை நடுங்குகிறவர்களுக்கு ஏற்ற வேலை அன்று.

விரைந்து குளிர்விப்பதிலும் ஒரு சிக்கல். பழுக்கக் காய்ந்த தோசைக்கல்லில் நீர் தெளித்தால், துளிகள் உடனே ஆவியாகாமல் உருண்டு ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். துளிக்கும் கல்லுக்கும் இடையே நீராவி ஒரு மெத்தைபோல் அமைந்து, வெப்பம் பாயாமல் தடுக்கிறது. 196 டிகிரி குளிரில் இருக்கும் நைட்ரஜனுக்கு நம் அறை வெப்பத்தில் உள்ள எந்தப் பொருளும் காய்ந்த தோசைக்கல்தான். முட்டை உள்ள குச்சியை அமிழ்த்தியதும் அதைச் சுற்றி நைட்ரஜன் கொதித்து ஆவி மெத்தை உண்டாகிறது. வழக்கமான குச்சியில் குளிர்ச்சி நிமிடத்துக்குச் சுமார் 2,500 டிகிரி வேகத்தில்தான் இறங்கும். இது போதவில்லை.

மருந்து எளிது: கரைசலைக் குறை. 1996-இல் மார்ட்டினோவும் துணைவர்களும் எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குரிய சிறு சல்லடைத் தகட்டில் பசுவின் முட்டைகளை வைத்து நேரே அமிழ்த்தினர். 1998-இல் டென்மார்க்கில் வைட்டா குழுவினர் பிளாஸ்டிக் குச்சியைச் சூடாக்கி இழுத்து, இழைபோல் மெலிதாக்கிப் பயன்படுத்தினர்; வேகம் 20,000 டிகிரியைத் தாண்டியது; உறைந்து மீண்ட முட்டைகளிலிருந்து உண்டான கருக்களால் பசுக்களில் சினையும் பிடித்தது. பிறகு ஜப்பானில் குவாயாமா, தலைமுடி அகலத்தைவிடச் சில மடங்கே அகன்ற ஒரு பிளாஸ்டிக் நாக்கின் நுனியில் முட்டையை வைக்கும் முறையைக் கொண்டுவந்தார். அதில் ஒட்டியிருக்கும் கரைசல் ஒரு நீர்த்துளியை 500 பங்கிட்டால் ஒரு பங்குதான்! கர்னால் நிறுவனமும் எருமை முட்டைகளைக் கண்ணாடியாக்கும் ஆய்வை 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டது.

திரும்பி வரும் வழி

இவ்வளவு காலம் எல்லாரும் குளிர்விக்கும் வேகத்தையே துரத்தினார்கள். அமெரிக்காவில் பீட்டர் மேசூர், செக்கி ஆகியோர் 2009-இல் எலியின் முட்டைகளை வைத்து ஒரு தலைகீழ்க் கேள்வி கேட்டனர். உயிர் போவது உறையும்போதா, உருகும்போதா? வேகமாகக் குளிர்வித்து மெல்ல வெப்பமூட்டியபோது முட்டைகள் இறந்தன. ஓரளவு மெல்லக் குளிர்வித்து மிக வேகமாக வெப்பமூட்டியபோது பெரும்பாலானவை பிழைத்தன!

இது ஏன் என்பதற்குத் திருவிழாப் பஞ்சு மிட்டாயைக் கேளுங்கள். அதுவும் கண்ணாடி நிலையில் உள்ள சர்க்கரைதான். திறந்து வைத்தால் காற்றின் ஈரம் பட்டு இளகி, சிறிது நேரத்தில் சுருங்கி, மணல்போல் நறநறவென்று படிகமாகிவிடுகிறது. இளக்கம் கிடைத்ததும் மூலக்கூறுகள் தங்கள் பழைய வேலையாகிய அடுக்குதலைத் தொடங்கிவிடுகின்றன. முட்டையும் அப்படியே. ஏறக்குறைய 120 டிகிரிக் குளிரைக் கடந்து மேலே வரும்போது கண்ணாடி இளகுகிறது. உள்ளே மறைந்திருக்கும் நுண்ணிய பனித் துகள்கள் வளரத் தொடங்குகின்றன. அவை வளர்வதற்குள் ஓடிக் கடந்துவிட வேண்டும். இதே குழுவினர் பின்னர்க் கரைசலில் கறுப்பு மை கலந்து, லேசர் ஒளியை ஒரு கணம் பாய்ச்சினர். மை ஒளியை விழுங்கி, நிமிடத்துக்கு ஒரு கோடி டிகிரி என்ற வேகத்தில் சூடேறியது. இவ்வேகத்தில், வழக்கமான நச்சுத் திரவத்தில் மூன்றில் ஒரு பங்கே போதுமானதாயிற்று. இத்துறையில் நடந்த சோதனைகளில் என் மனத்துக்கு மிகவும் பிடித்தது இதுதான். லேசர் இல்லாத சோதனைச் சாலைக்கும் இதில் ஒரு பாடம் உண்டு: வெளியே எடுத்த நாக்கைக் காற்றில் ஒரு விநாடிகூடத் தாமதிக்காமல் வெதுவெதுப்பான சர்க்கரைக் கரைசலில் நேரே நுழைத்துவிட வேண்டும். அந்தச் சர்க்கரை, நீர் திடீரென்று உள்ளே பாய்ந்து முட்டை வெடித்துவிடாமலும் காக்கிறது.

கொழுப்பு என்னும் தடை

மனிதப் பெண்ணின் முட்டையை இம்முறையில் சேமித்துத் திரும்ப எடுத்தால் நூற்றுக்குத் தொண்ணூறு அளவில் பிழைக்கின்றன. மருத்துவமனைகளில் நாள்தோறும் நடக்கிறது. பசுவுக்கு அது கைகூடவில்லை. புதிய முட்டைகள் நூற்றில் முப்பது, நாற்பது, கருக்கோளம் என்னும் ஒரு வார வளர்ச்சியை எட்டும். உறைந்து மீண்டவற்றில் பெரும்பாலான ஆய்வுகளில் பத்துக்கு முன்பின்னாகவே எட்டுகின்றன. முட்டை சாகவில்லை, ஆனால் வளரும் திறனை இழந்துவிடுகிறது.

நுண்ணோக்கியில் பார்த்தால் வேறுபாடு கண்ணுக்கே தெரியும். மனித முட்டை தெளிவாக இருக்கும். பசு, எருமை, பன்றி ஆகியவற்றின் முட்டைகள் கருத்திருக்கும். அந்தக் கருமை கொழுப்புத் துளிகளால் வருவது. மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் புட்டியில் கட்டிக்கொள்கிறதல்லவா? நீர் உறைவதற்கு வெகு முன்பே கொழுப்பு இறுகுகிறது. பசு முட்டையின் சவ்விலுள்ள கொழுப்புகள் 13 முதல் 20 டிகிரிக்குள்ளாகவே இளக்கம் இழந்து விறைக்கின்றன. குரோமோசோம்களை இரு பக்கமும் இழுத்துப் பிரிக்கும் கதிர்கோல் இழைகளும் அந்தக் குளிரிலேயே குலைந்துபோகின்றன. பனிக்கட்டி பிறப்பதற்கு முன்பே சேதம் தொடங்கிவிட்டது!

இதைச் சமாளிக்கப் பல முயற்சிகள் நடக்கின்றன. சவ்வு இளக்கமாக இருக்க அதில் கொலஸ்டிராலை ஏற்றுகிறார்கள். முதிரவைக்கும் திரவத்தில் கார்னிட்டின் சேர்த்துக் கொழுப்பைக் குறைக்கிறார்கள். புற்றுநோய் மருந்தான டாக்சாலைக் கொண்டு கதிர்கோலை நிலைநிறுத்துகிறார்கள். பன்றிக் கருவைச் சுழற்றிக் கொழுப்பை ஒரு பக்கம் ஒதுக்கி உறிஞ்சியே எடுத்தார் ஜப்பானின் நாகசிமா. 1995-இல் அவ்வாறு உறையவைத்த கருக்களிலிருந்து குட்டிகள் பிறந்தன. ஒவ்வொன்றும் சிறிது பயன் தருகிறது. எதுவும் இன்னும் விந்துக் குச்சியைப்போல் கிராமத்துக்கு வரத்தக்கதாக ஆகவில்லை.

கருவையே உறையவைத்தால் என்ன என்போரும் உண்டு. கரு நன்றாகத் தாங்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் கருவாக்கும் அன்றைக்கே காளையைத் தேர்ந்துவிட வேண்டும். பிறகு மாற்ற முடியாது. முட்டையாக வைத்திருந்தால், இருபது ஆண்டு கழித்தும் நெருங்கிய உறவில்லாத காளையைப் பார்த்துச் சேர்க்கலாம். எண்ணிக்கை குன்றிய இனத்துக்கு இது பெரிய ஆறுதல். கொட்டிலில் உயிருடன் நிற்கும் மாட்டுக்கு எந்தக் குடுவையும் ஈடாகாது என்பதே என் கருத்து. ஆயினும், வளர்ப்பவர் கைவிட்ட இனத்துக்குக் குடுவையை விட்டால் வேறு புகலிடம் ஏது? அந்தக் குடுவையில் இன்று காளைகள் மட்டுமே இருக்கின்றன.

பெண்ணாடத்தில் ஒரு வீட்டில் அசல் உம்பளச்சேரிப் பசு ஒன்று முதுமையால் இறக்கிறது என்றும், அதன் முட்டைகளை எடுக்க விரும்பும் ஆராய்ச்சிக்கூடம் ஒன்று சென்னையில் காத்திருக்கிறது என்றும் கற்பனை செய்துகொள்ளுங்கள். பயணம் ஐந்து, ஆறு மணி நேரம். மீனுக்கும் தடுப்பூசி மருந்துக்கும் பழகிய நம் கை, சினைப்பையை உடனே பனிக்கட்டிப் பெட்டியில் வைக்கத்தான் போகும். அப்படி வைத்தால் விழுப்புரம் வருமுன்பே முட்டைகள் குளிரில் கெட்டிருக்கும். தேநீர் கொண்டுபோகும் பிளாஸ்கில், தொட்டால் இளஞ்சூடாக, 30 முதல் 35 டிகிரியில் உப்புநீர் ஊற்றி, அதில் இட்டு எடுத்துச் செல்ல வேண்டும்.